பாடப்புத்தகத்துக் கலம் உடம்பில் இல்லை

உயர்தர உயிரியல் படிக்கிற எந்தப் பிள்ளையிடமும் ஒரு தாளைக் கொடுத்து விலங்குக் கலம் ஒன்றைக் கீறச் சொல்லுங்கள். ஒரே படம்தான் வரும். முட்டை வடிவில் ஒரு கோடு, நடுவில் கரு, அதற்குள் புன்கரு, கருவை ஒட்டி அகமுதலுருச் சிறுவலை, ஒரு பக்கத்தில் கொல்கி உபகரணம், சக்தி தரும் இழைமணிகள் மூன்றோ நாலோ, மூலையில் இரண்டு புன்மையத்திகள். கிளிநொச்சியிலும் அதே படம், மல்லாவியிலும் அதே படம், நெடுங்கேணியில் தகரக் கூரைக்குக் கீழே நடக்கிற ரியூசன் வகுப்பிலும் அதே படம். பரீட்சைக்கு அது தேவை, கீறுவதில் பிழையில்லை. ஆனால் அப்படி ஒரு கலம் மனித உடம்பில் எங்கேயும் கிடையாது.

எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். ஒரு வளர்ந்த மனிதனின் உடம்பில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் இருக்கின்றன என்பது 2016இல் வெளியான மதிப்பீடு. அவற்றில் பத்தில் எட்டுக்கு மேல் குருதியின் செங்குழியங்கள். முதிர்ந்த செங்குழியத்தில் கரு இல்லை, இழைமணி இல்லை, புரதம் செய்கிற இறைபோசோம் இல்லை, கொல்கி இல்லை. உடம்பில் அதிகமாக இருக்கிற கலத்துக்கு, பிள்ளை கீறிய படத்திலிருந்து வெளிக்கோடு மட்டும்தான் பொருந்துகிறது. மறுபக்கம் தொடையிலுள்ள வன்கூட்டுத்தசை நாரை எடுத்தால் ஒரே கலத்துக்குள் நூற்றுக்கணக்கான கருக்கள். பாகங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டுக் கல வகைகளை வேறு அத்தியாயமாகப் படிக்கிற பிள்ளைக்கு இவையெல்லாம் "விதிவிலக்கு" என்று தெரியும். விதிவிலக்கு எதுவும் இல்லை. இந்தக் கலம் என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேட்டால், அதற்குள் எது நிறைய இருக்கும், எது இருக்காது என்பதை வாசிக்காமலே சொல்லிவிடலாம். இரண்டு அத்தியாயங்களையும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் அளவு. பாகங்களின் பெயர் தெரிந்த பிள்ளைகளில் பலருக்கு எது எவ்வளவு பெரியது என்ற உணர்வு இருப்பதில்லை. 1 மில்லிமீற்றரில் 1000 மைக்ரோமீற்றர், 1 மைக்ரோமீற்றரில் 1000 நனோமீற்றர். செங்குழியத்தின் விட்டம் 7.5 மைக்ரோமீற்றர் அளவில். ஈரற்கலம் 20 முதல் 30. கன்னத்தின் உட்புறக் கலம் 50, 60, சிலவேளை அதற்கும் மேல். மனித முட்டை 100க்குச் சற்று மேல். கூரிய கண் உள்ளவர் வெறும் கண்ணால் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். உள்ளே போனால், கரு 5 முதல் 10 மைக்ரோமீற்றர், இழைமணியின் அகலம் 0.5 முதல் 1 மைக்ரோமீற்றர், இறைபோசோம் 20 முதல் 30 நனோமீற்றர், கலமென்சவ்வின் தடிப்பு 7 அல்லது 8 நனோமீற்றர்.

ஒளி நுணுக்குக்காட்டி எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் 0.2 மைக்ரோமீற்றருக்கு, அதாவது 200 நனோமீற்றருக்குக் குறைவான இடைவெளியிலுள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. வில்லை மோசம் என்பதால் அல்ல. ஒளியின் அலைநீளம் இடுகிற எல்லை அது. ஆகவே பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் சவ்வைப் பார்க்க முடியாது, கலத்தின் விளிம்பைத்தான் பார்க்கலாம். இறைபோசோம் அறவே தெரியாது. இழைமணி அளவில் தெரிய வேண்டியதுதான், ஆனால் நிறமற்றது. அதற்கென்று உள்ள சாயம் இல்லாமல் தெரியாது. செய்முறைப் பதிவேட்டில் கன்னக் கலத்தைக் கீறி "இறைபோசோம்", "கொல்கி" என்று கோடு இழுத்துப் பெயரிட்டிருந்தால், பிள்ளை நுணுக்குக்காட்டியைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துக் கீறியிருக்கிறது என்று திருத்துகிறவருக்கு உடனே விளங்கிவிடும்.

பார்வைப் புலத்தின் விட்டத்தை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால் எல்லாக் கலத்தையும் அளக்கலாம். கண் வைத்துப் பார்க்கிற பார்வைத்துண்டில் 10× என்பதோடு 18 போன்ற இன்னோர் எண் பொறித்திருக்கும். அதைப் பொருள் வில்லையின் உருப்பெருக்கத்தால் பிரியுங்கள். 4× வில்லையில் 4.5 மில்லிமீற்றர், 10×இல் 1.8, 40×இல் 0.45 மில்லிமீற்றர், அதாவது 450 மைக்ரோமீற்றர். எண் அழிந்துபோன பழைய கருவி என்றால் ஒளி ஊடுருவும் அடிமட்டத்தை மேடையில் வைத்து 4× வில்லையில் எத்தனை மில்லிமீற்றர் தெரிகிறது என்று பார்த்து, அதை 4ஆல் பெருக்கி 40ஆல் பிரித்தால் போதும். 40× புலத்தின் குறுக்கே ஏழு கன்னக் கலங்களை வரிசையாக அடுக்கலாம் போல் இருந்தால் ஒன்று ஏறக்குறைய 64 மைக்ரோமீற்றர். செங்குழியமாக இருந்தால் அதே இடத்தில் அறுபது அடங்கும்.

மின்சாரம் போனாலும் வேலை நிற்காது என்பதால் கண்ணாடி பொருத்திய பழைய நுணுக்குக்காட்டிகளை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் வன்னி வெயிலில் கண்ணாடியைச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது, அது நேரடியாகக் கண்ணின் உட்பக்கத்தைச் சுட்டுவிடும். யன்னலுக்கு வெளியே வெளிறிய வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கித் திருப்பினால் போதுமான ஒளி வரும்.

இனிக் கன்னக் கலம். இதை ஒழுங்காகச் செய்து பார்த்த பிள்ளை மற்றவற்றைத் தானாகவே செய்யும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

முதலில் உப்புக் கரைசல். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு 9 கிராம் உப்பு. தராசு இல்லையென்றால், மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி உப்பு ஏறக்குறைய 6 கிராம்; அதை 650 மில்லிலீற்றரில் கரைக்கலாம். சாயத்துக்கு 1 வீத மெதிலீன் நீலத்தில் ஒரு துளியோடு ஒன்பது துளி நீர். மெதிலீன் நீலம் ஆய்வுகூடத்தில் தீர்ந்துபோயிருந்தால் அலங்கார மீன் விற்கிற கடைகளில் மீன் நோய்க்கு விற்பதும் அதுதான், போத்தலில் செறிவைப் பார்த்து ஐதாக்குங்கள். மருந்துக் கடை ஜென்சியன் வயலட்டும் சாயம் ஏற்றும், ஆனால் மிக ஐதாக இல்லாவிட்டால் எல்லாம் கறுத்துவிடும்.

வாயை இரண்டு தரம் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுப் பிட்டுத் துணிக்கை வழுக்கியில் (மேடையில் வைக்கிற கண்ணாடித் தட்டில்) வந்தால் பாதி வகுப்பு அதைத்தான் கலம் என்று கீறும். பஞ்சுக் குச்சியாலோ ஐஸ்கிரீம் குச்சியின் தட்டை விளிம்பாலோ கன்னத்தின் உட்புறத்தை ஐந்தாறு தரம் மெதுவாக வழித்து, வழுக்கியில் ஏற்கெனவே வைத்த ஒரு துளி உப்புக் கரைசலில் சுழற்றுங்கள். நீர் சற்றே கலங்கினால் போதும். வெள்ளைக் கட்டியாகத் தெரிந்தால் அதிகம். ஒரு துளி சாயம் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். துளியை மூடுகிற மெல்லிய கண்ணாடியான மூடித்துண்டின் ஒரு விளிம்பைத் துளியின் ஓரத்தில் 45 பாகை சரிவாகத் தொட வைத்து, ஊசியால் தாங்கி மெதுவாக இறக்குங்கள். நேரே போட்டால் காற்றுக் குமிழி சிக்கும். தடித்த கறுப்பு வளையத்தோடு பூரண வட்டமாக எது தெரிந்தாலும் அது குமிழி. கலத்துக்கு அவ்வளவு நேர்த்தியான விளிம்பு வராது.

10× வில்லையில் தேடிக் கண்டுபிடித்து, அதன்பின் 40×க்குத் திருப்ப வேண்டும். 40×இல் பெரிய திருகைத் தொடக் கூடாது. வழுக்கிகளில் அரைவாசி உடைவதும் வில்லைகள் கீறுப்படுவதும் இந்த ஒரு காரணத்தால்தான். 40× வில்லையில் சாயம் பட்டுக் காய்ந்தால் அடுத்த மாணவனுக்கு எல்லாமே மங்கலாகத் தெரியும். கருவி பழுது என்று சொல்வதற்கு முன் வில்லைத் துடைக்கும் தாளில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்துப் பாருங்கள்.

தெரிவது தட்டையான, விளிம்பு ஒழுங்கில்லாத கலம். நடுவில் அடர்நீலக் கரு, சுற்றிலும் வெளிறிய குழியவுரு. மேலிருந்து பார்த்தால் முட்டை அப்பம். மங்கலாக இருந்தால் ஒளியைக் கூட்ட வேண்டாம், மேடைக்குக் கீழேயுள்ள துவாரத்தைச் சிறிதாக்குங்கள். நிறமற்ற பொருள்கள் குறைந்த ஒளியில்தான் எடுபடும்.

பிழைகள் பெரும்பாலும் பெயரிடுகையில் வரும். கலத்தின் மேல் ஒரு மைக்ரோமீற்றர் அளவில் கரும்நீலப் புள்ளிகளும் குறுங்கோடுகளும் நிறையத் தெரியும். பிள்ளைகள் இதை இழைமணி என்று பெயரிடுவார்கள். அவை வாயில் வாழ்கிற பற்றீரியா. மெதிலீன் நீலம் அவற்றில் நன்றாக ஏறும். கலத்தின் ஓரம் மடிந்திருந்தால் இரட்டைக் கோடு தெரியும், அதைக் "கலச்சுவர்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. வழுக்கியை நகர்த்தியும் நகராத பொருள் பார்வைத்துண்டில் இருக்கிற தூசி.

பங்குனி சித்திரை வெயிலில் இந்தத் தயாரிப்பு சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். மூடித்துண்டின் ஓரத்தில் மெல்லிதாக வசிலின் பூசினால் ஒரு பாடவேளைக்குத் தாங்கும். குழாய்க்கிணற்று நீரில் உப்புக் கரைசல் செய்தால் இன்னொரு தொல்லை: கடின நீர் காய்கிறபோது கல்சியம் உப்புப் பளிங்குகள் படிந்து புலமெங்கும் மினுங்கும். கொதிக்க வைத்தால் ஒரு பங்கு குறையும், மழைநீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. பயன்படுத்திய குச்சிகளை ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் என்ற கலவையில் போட்டுவிட வேண்டும். ஒருவரின் கன்னக் கலத்தை இன்னொருவர் கையாளாமல் இருப்பது நல்லது.

கன்னத்தில் ஏன் இவ்வளவு தட்டையான கலம்? அங்கே நடக்கிற வேலை தேய்வைத் தாங்குவது. அடியில் பிரிகிற கலங்கள் மேலே மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, உதிரும். உதிரப் போகிற கலத்தில் பெரிய இயந்திரசாலை தேவையில்லை, ஆகவே நுணுக்குக்காட்டியில் வெறுமையாகத் தெரிவது நம் கருவியின் குறை மட்டுமல்ல.

உண்மையான இயந்திரசாலையைப் பார்க்க வேண்டுமானால் சதையிக்குப் போக வேண்டும். சமிபாட்டு நொதியங்களைச் சுரக்கும் சதையிக் கலம் கூம்பு வடிவானது. அகன்ற அடிப்புறம் முழுக்க அழுத்தமற்ற (கரடான) அகமுதலுருச் சிறுவலை அடுக்கடுக்காக இருக்கும்; அதன் மேல் ஒட்டிய இறைபோசோம்களில் புரதம் உருவாகி உள்ளே இறங்கும். கருவுக்கு மேலே கொல்கி உபகரணம். ஒடுங்கிய நுனியில் நொதியம் நிரம்பிய சுரப்பு மணிகள், அடுத்ததாகக் கானின் வாய். கலத்தின் வழியே புரதம் போகிற பாதையும் பாகங்கள் அமைந்த ஒழுங்கும் ஒன்றுதான்.

இந்தப் பாதையை ஊகித்து எழுதவில்லை. ஜோர்ஜ் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும் 1960களில் கினிப்பன்றியின் சதையித் துண்டுகளுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோ அமிலத்தைச் சில நிமிடம் மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றினார்கள். முதலில் கதிர்ப்பு அழுத்தமற்ற சிறுவலையில் இருந்தது. ஏறத்தாழ 20 நிமிடத்தில் கொல்கிப் பக்கம் வந்தது. இரண்டு மணித்தியாலத்தில் சுரப்பு மணிகளில் தெரிந்தது. பலாடேக்கு 1974இல் அல்பேர்ட் குளோட், கிறிஸ்தியன் த டூவ் ஆகியோரோடு நொபெல் பரிசு கிடைத்தது. கலம் விழுங்கியதை உடைத்துச் சமிக்கிற இலைசோசோமைக் கண்டறிந்தவர் த டூவ். இந்தப் பரிசோதனையின் மூன்று நேரங்களை நினைவில் வைத்தால் சிறுவலை, கொல்கி, புடகம் (சுரப்பு மணி) என்ற வரிசையை ஒருபோதும் மாற்றி எழுத வராது.

இந்த முறையை மற்றக் கலங்களுக்கும் போடுங்கள். கிருமிகளை எதிர்க்கும் புரதமான பிறபொருளெதிரியைச் செய்கிற கலத்தின் வேலையும் புரத ஏற்றுமதி. ஆகவே அங்கும் அழுத்தமற்ற சிறுவலை நிறைந்து, கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். விதையிலும் அதிரீனல் மேற்பட்டையிலும் ஸ்தெரோயிட் ஓமோன் செய்கிற கலங்களுக்கு ஏற்றுமதிப் புரதம் இல்லை, கொழுப்பு வேதியியல்தான் வேலை. அங்கே இறைபோசோம் ஒட்டாத அழுத்தமான (வழுவழுப்பான) சிறுவலை. விந்து நீந்த மட்டும் வேண்டும். குழியவுருவின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, கழுத்துக்குக் கீழே இழைமணிகளைச் சுருளாகச் சுற்றி வைத்திருக்கிறது. இதயத்தசைக் கலத்தின் கனவளவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இழைமணிகள், ஏனென்றால் அதற்கு ஓய்வு நேரம் இல்லை. விழுங்கி அழிக்கிற பெருந்தின்கலத்தில் இலைசோசோம்.

ஈரற்கலம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். ஆயிரத்துக்கு மேல் இழைமணிகள், இரண்டு வகைச் சிறுவலையும், பேரொட்சிசோம்களும், பல கலங்களில் இரண்டு கருக்களும். புத்தகப் படத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற கலம் ஒன்றைக் கேட்டால் இதைத்தான் சொல்லலாம். இங்கே ஒரு நடைமுறைச் செய்தி: நாளாந்தம் கசிப்பு குடிப்பவரின் ஈரற்கலத்தில் அழுத்தமான சிறுவலையும் அதிலுள்ள நொதியங்களும் பெருகிவிடும். அதே நொதியங்களில் ஒன்றுதான் பரசிற்றமோலின் ஒரு பங்கை நஞ்சாக மாற்றுகிறது. மற்றவருக்கு ஒன்றும் செய்யாத அளவு இவருக்குக் கேடு செய்யக்கூடியதற்குக் காரணம் இந்தச் சிறுவலை.

உடம்பின் பரப்புகளையும் குழாய்களின் உட்புறத்தையும் மூடுகிற மேலணி இழையத்தைப் படிக்கையில் பெயர்ப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, தடிப்பை மட்டும் கேளுங்கள். ஊடுபரவல் நடக்கிற இடம் மெல்லியது: நுரையீரல் சிற்றறையின் எளிய செதின் மேலணி. காற்றிலிருந்து குருதிக்கு ஒட்சிசன் கடக்க வேண்டிய தூரம் அரை மைக்ரோமீற்றர் அளவுதான். உறிஞ்சவோ சுரக்கவோ வேண்டிய இடத்தில் உள்ளே உறுப்புகளுக்கு இடம் வேண்டும், ஆகவே கனவடிவமும் கம்ப வடிவமும். தேய்கிற இடத்தில் பல படைகள். வாதனாளியில் (மூச்சுக்குழாயில்) பிசிர் கொண்ட கம்பக் கலங்களும் சளி சுரக்கும் கிண்ணக் கலங்களும் சேர்ந்திருக்கும். எல்லாக் கலங்களும் அடிமென்சவ்வைத் தொடுகின்றன, கருக்கள் மட்டும் வேறு வேறு உயரத்தில் இருக்கின்றன. ஒரே படை என்றாலும் பல படைபோல் தோன்றுவது அதனால்தான். புகைப்பவரின் வாதனாளியில் பிசிர்கள் குறைந்து, பின் கம்பக் கலங்களின் இடத்தில் செதிற்படை வந்துவிடும். சளியை மேலே தள்ள ஆளில்லாததால் இருமல்.

வன்னிப் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டிய மேலணி ஒன்று உண்டு: சிறுநீரகத்தின் அண்மை மடிந்த சிறுகுழாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடிதிரவம் வடிக்கப்பட்டு, ஒன்றரை லீற்றர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது. மீள உறிஞ்சப்படுவதில் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஓர் இடத்தில். அங்குள்ள கனவடிவக் கலத்தின் உள்முகத்தில் நுண்சடைமுளைகள் நெருக்கமாக நிற்கும், அடிப்புறச் சவ்வு உள்ளே மடிந்து மடிந்து போகும், அந்த மடிப்புகளுக்கு இடையில் நீண்ட இழைமணிகள் நிற்கும். சோடியத்தைப் பம்பிவிட ATP என்ற சக்தி மூலக்கூறு வேண்டும், அதனால் இழைமணி. பரப்பு வேண்டும், அதனால் சடைமுளை. சேய்மை மடிந்த சிறுகுழாயில் இந்த நுண்சடைமுளை விளிம்பு இல்லை. வெட்டுமுகப் படத்தில் இரண்டையும் பிரிக்கிற வழி இதுதான்: உட்குழி மங்கலாக, தெளிவில்லாமல் இருந்தால் அண்மை, கழுவிவிட்டாற்போல் திறந்திருந்தால் சேய்மை.

இவ்வளவு ஒட்சிசனைச் செலவழித்து, இவ்வளவு பொருளை உள்ளே இழுக்கிற கலம் நஞ்சுக்கும் முதலில் அகப்படும். அநுராதபுர மாவட்டத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் கமக்காரரிடையே காணப்படுகிற, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், வடிக்கும் கலன்கோளத்தைவிடச் சிறுகுழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும்தான் முதலில் தாக்குகிறது. தொடக்கத்தில் உடம்பில் ஒன்றும் தெரியாமல் போவதும், குருதியில் கிரியேற்றினின் என்ற கழிவு உயரும் நேரத்தில் தொழிற்பாட்டின் பெரும்பகுதி போய்விட்டிருப்பதும் அதனால்தான் இந்த நோயில் இவ்வளவு சிக்கலாகிறது. ஆட்டிறைச்சிக் கடையில் சிறுநீரகம் ஒன்று வாங்கி நீளவாக்கில் பிளந்தால் கடும் சிவப்பான மேற்பட்டையும் வெளிறிய கூம்புகளும் வெறும் கண்ணுக்கே தெரியும். சிறுகுழாய்கள் மடிந்து கிடப்பது மேற்பட்டையில்.

குருதிக் கலங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் விரலைக் குத்த வேண்டாம். ஈரலழற்சி வைரசு போன்றவை ஊசியால் பரவும், அதற்கு ஈடாகக் கிடைக்கிற பாடம் பெரிதல்ல. இறைச்சிக் கடையிலேயே இதைவிட நல்ல பாடம் கிடைக்கும். 3.8 வீத சோடியம் சித்திரேற்றுக் கரைசல் ஒரு மில்லிலீற்றர் விட்ட சிறு போத்தல் இரண்டைக் கொண்டுபோய், ஒன்றில் ஒன்பது மில்லிலீற்றர் கோழிக் குருதியும் மற்றதில் அதே அளவு ஆட்டுக் குருதியும் பிடித்து, உடனே தலைகீழாக நாலைந்து தரம் மெதுவாகத் திருப்புங்கள். குலுக்கினால் கலங்கள் உடையும். கையுறை போடுங்கள், பிறகு சவர்க்காரத்தால் கழுவுங்கள். ஒரு துளியை ஒரு மில்லிலீற்றர் உப்புக் கரைசலில் ஐதாக்கிப் பாருங்கள். கோழியின் செங்குழியம் நீள்வட்டம், 12 மைக்ரோமீற்றர் அளவு நீளம், நடுவில் தெளிவான கரு. ஆட்டினது வட்டம், கருவில்லை, 3 முதல் 4 மைக்ரோமீற்றர்தான். மனிதச் செங்குழியமும் ஆட்டினதைப்போல் முலையூட்டிக்குரியது, கருவற்றது, விட்டம் மட்டும் இரண்டு மடங்கு. கரு இல்லாத இடத்தில் கூடுதலாக ஈமோகுளோபின் ஏற்றலாம், ஒடுங்கிய மயிர்க்குழாயில் வளைந்து போகலாம். விலை என்னவென்றால் பழுது திருத்த முடியாது, 120 நாளில் முடிந்துவிடும்.

அதே குருதித் துளியை வெறும் நீரில் விட்டால் ஆட்டுக் கலங்கள் சில விநாடிகளில் மறைந்துவிடும், நீர் மட்டும் சிவக்கும். 3 வீத உப்பில் விட்டால் விளிம்பு முள்முள்ளாகச் சுருங்கும். சவ்வின் ஊடாக நீர் நகர்வதான பிரசாரணத்தை இவ்வளவு விரைவாகக் காட்டுகிற வேறு செய்முறை இல்லை.

மனிதக் குருதிப் பூச்சு வைத்தியசாலை ஆய்வுகூட வேலை. ஒரு காலத்தில் வன்னியில் காய்ச்சல் என்றால் விரலில் குத்தி மலேரியாப் பூச்சு எடுப்பார்கள். செங்குழியத்துக்குள் ஒட்டுண்ணியின் வளையத்தைத் தேடுவதுதான் அந்தப் பார்வை. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்று வழங்கியது. பூச்சின் வேலை இன்னும் மாறவில்லை. லீஷ்மன் சாயம் பத்துத் துளி விட்டு இரண்டு நிமிடம், அதன்மேல் இரு மடங்கு pH 6.8 தாங்கல் நீர் விட்டு எட்டுப் பத்து நிமிடம், பிறகு கழுவிக் காயவிடுவது. தாங்கல் நீருக்குப் பதிலாகக் கிணற்று நீரை விட்டால் காரத்தன்மையால் எல்லாமே நீலமாகிவிடும். செங்குழியம் சாம்பல் நீலமாகி, இயோசினோபிலின் செம்மஞ்சள் மணிகள் அடையாளம் தெரியாமல் போகும். மாரி மழையில் பூச்சு மெதுவாகக் காய்ந்தாலோ சாயம் கரைந்துள்ள மெதனோலில் ஈரம் ஏறியிருந்தாலோ செங்குழியங்களில் துளை விழுந்தாற்போல் தெரியும், அது நோய் அல்ல. சாயமிடாத பூச்சை மேசையில் விட்டுப் போனால் எறும்பும் ஈயும் தின்றுவிடும்.

வெண்குழியங்களைக் கருவின் வடிவால் பிரித்தறியலாம். மூன்று முதல் ஐந்து பிரிவாகிய கரு என்றால் நடுநிலைநாடி. நூறில் 40 முதல் 75 வரை. பெரிய வட்டக் கருவும் சுற்றி மெல்லிய குழியவுரு வளையமும் என்றால் நிணநீர்க்குழியம், 20 முதல் 45. கரு அவரைவிதை வடிவில் வளைந்து, கலமே பெரிதாக இருந்தால் மொனோசைற். இரண்டு பிரிவுக் கருவும் செம்மஞ்சள் மணிகளும் இயோசினோபில். குடற்புழுத் தொற்றிலும் ஒவ்வாமையிலும் கூடும். பேசோபில் நூறில் ஒன்றும் தேறாது, ஒரு வழுக்கி முழுக்கத் தேடியும் காணாமல் போகலாம். குருதிச் சிறுதட்டு கலமே அல்ல, என்புமச்சையிலுள்ள பெருங்கலத்தின் உடைந்த துண்டு.

தசையை இறைச்சித் துண்டிலேயே பார்க்கலாம். வேகவைத்த ஆட்டிறைச்சியில் ஒரு நாரை உப்புக் கரைசலில் இரண்டு ஊசிகளால் முடிந்தவரை மெல்லிதாகப் பிரித்து, மெதிலீன் நீலம் விட்டு, 40×இல் துவாரத்தைச் சிறிதாக்கினால் குறுக்கு வரிகள் தெரியும். தெரியவில்லையென்றால் நார் தடிப்பு; இன்னும் பிரியுங்கள். கருக்கள் நாரின் ஓரத்தில் இருக்கும். இதயத்தசையில் கரு நடுவில், நார் கிளைவிடும், இடையிடையே குறுக்குத் தட்டுகள். மழமழப்பான தசைக்கு வரியே இல்லை, கதிர் வடிவக் கலமும் ஒரு கருவும்.

நரம்புக்கலத்தில் பிள்ளைகள் தவறவிடுவது நீளத்தை. கலவுடல் முண்ணாணில் இருக்க, அதன் நீண்ட இழை பாதம் வரை போகிறது, ஒரு மீற்றர் அளவில். இறைபோசோமும் சிறுவலையும் பெரும்பாலும் கலவுடலில்தான். அந்தமுனைக்கு வேண்டிய புரதம் நுண்புன்குழாய்களின் மேல் ஏறி அவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும். இதைப் புரிந்தால் பாம்புக்கடி விடுதியில் நடப்பது புரியும். வன்னியில் நிலத்தில் படுத்துறங்குகிறவரை இரவில் கடிக்கும் எட்டடி விரியனின் நஞ்சு முக்கியமாக நரம்பு முனையைச் சேதப்படுத்தி, தசைக்குச் செய்தி சொல்லும் அசற்றைல்கோலின் நிரம்பிய புடகங்களை இல்லாமலாக்குகிறது. இமை தொங்கும், பிறகு மூச்சுத்தசை நிற்கும். முனை சேதமான பின் நஞ்செதிரி மருந்து அதைத் திருத்தாது. முனை மீண்டும் வளரும் வரை, பல நாள்கள், செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அந்த முனை வளர வேண்டிய பொருள் முண்ணாணிலிருந்து வருகிறது.

பதிவேட்டுக்கு இப்போது கைபேசிப் படமும் எடுக்கிறார்கள். பார்வைத்துண்டிலிருந்து ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தள்ளி, பழைய அட்டைக் குழல் ஒன்றைத் தாங்கியாக வைத்தால் கை நடுங்காது. ஒளிக்கதிர் வட்டம் திரையை நிரப்பும் வரை மெதுவாகக் கிட்டக் கொண்டுபோங்கள். படத்துக்குக் கீழே ×400 என்று எழுதுவது பிழை, ஏனென்றால் திரையில் விரலால் பெருப்பித்த உடனே அந்த எண் பொய்யாகிவிடும். புலத்தின் விட்டம் 450 மைக்ரோமீற்றர் என்று கணித்திருப்பீர்கள். முழுப் புலமும் விழுந்த படத்தில் அந்த வட்டத்தின் விட்டத்தை ஒன்பதாகப் பிரித்து, ஒரு பங்கு நீளத்துக்குப் படத்தின் மூலையில் கோடு போட்டு 50 மைக்ரோமீற்றர் என்று எழுதுங்கள். படத்தை எத்தனை மடங்கு பெருப்பித்தாலும் கோடும் சேர்ந்தே பெருக்கும். கையால் கீறிய படத்துக்கு மட்டும் உருப்பெருக்கம் எழுதலாம்: 30 மில்லிமீற்றர் அகலமாகக் கீறிய செங்குழியம் என்றால் 30,000 மைக்ரோமீற்றரை 7.5ஆல் பிரித்து ×4000.